வழுக்குவது எது?

தோட்ட டிராக்டரின் என்ஜின் முழங்குகிறது. வண்டியோ மேட்டில் ஏற மறுக்கிறது. உடனே கியர்ப் பெட்டியைப் பிளக்கப் புறப்படும் அன்பர்களுக்கு நாம் சொல்வது, பொறுங்கள் என்பதே. பல்சக்கரம் உடையும், பிடியை விட்டு விலகும், வழுக்குவது அதன் சுபாவமன்று.

அமெரிக்காவின் சவுத் பெண்ட் நகரில் உருவான பழைய வீல் ஹார்ஸ் கியர் வண்டிகளில், என்ஜினின் சக்தியைப் பெட்டிக்குக் கொண்டு சேர்ப்பது ஒரு பெல்ட். என்ஜினை நிறுத்திவிட்டு, பெல்ட் தேய்ந்ததா, எண்ணெய் பட்டதா, அதை இறுக்கும் கப்பியின் ஸ்பிரிங் தளர்ந்ததா என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது பின்சக்கரக் குடம். அதை அச்சோடு பிணைக்கும் சிறு இரும்புச் சாவி ஒரு பக்கம் ஒடிந்தாலும் அச்சு வீணே சுழலும். பெட்டியோடு இணைந்த பிரேக்கும் பயன்படாது. சரிவில் அது உயிருக்கே ஆபத்து. குடத்திலும் அச்சு முனையிலும் ஒரே கோடாகச் சாக்கட்டியால் கீறி, சமதரையில் சிறிது ஓட்டிப் பாருங்கள். கோடு பிரிந்தால், சாவியை மாற்றும்வரை வண்டி மேட்டுப் பக்கம் போகலாகாது.