ஆட்டிசம் உள்ள ஆசிரியர்கள்: ஏற்பாடு நிர்வாகத்தின் கடமை

ஆட்டிசம் என்றாலே குழந்தைகளைப் பற்றிய பேச்சாகத்தான் நம் நாட்டில் இன்னும் இருக்கிறது. அந்தக் குழந்தைகள் வளர்கிறார்கள்; படித்துப் பட்டம் பெறுகிறார்கள்; சிலர் வகுப்பெடுக்கிறார்கள், எழுதுகிறார்கள், குடும்பம் நடத்துகிறார்கள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கால்நடை அறிவியல் கற்பித்தபடியே பல நூல்களும் எழுதிய டெம்பிள் கிராண்டின் இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு. வேலை, எழுத்து, வீடு மூன்றையும் இவர்கள் எப்படிச் சமாளிப்பது என்ற கேள்விக்கு, மனஉறுதி வேண்டும், நேரத்தைத் திட்டமிட வேண்டும் என்ற அறிவுரைதான் வழக்கமான பதிலாகக் கிடைக்கிறது. அது போதாது. அந்தச் சமநிலையின் பெரும்பங்கு வேலை தரும் நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. சட்டமும் அப்படித்தான் சொல்கிறது.

ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர், மற்றவர்களைப் போலவே தோன்றுவதற்காகத் தங்கள் இயல்பை நாள் முழுவதும் மறைத்துக்கொள்கிறார்கள். வலிந்து கண்ணைப் பார்த்துப் பேசுவதும், இரைச்சல் தரும் வேதனையை முகத்தில் காட்டாமல் இருப்பதும் அதன் பகுதிகள். 2020-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, இப்படி மறைப்பதும், உதவியே இல்லாமல் எதிர்பார்ப்புகள் மட்டும் குவிவதும் சேர்ந்து நீண்டகாலச் சோர்வில் கொண்டுபோய் விடுவதைப் பதிவு செய்தது. தூங்கி எழுந்தால் தீரும் களைப்பு அல்ல அது. ஏற்கெனவே கைவந்த திறன்களும் அப்போது நழுவுகின்றன. ஆசிரியப் பணியில் இதன் பொருளை எண்ணிப் பார்க்க வேண்டும். தயாரித்து வந்த பாடத்தை நடத்துவது ஒழுங்குள்ள வேலை. பலரை வதைப்பது அதைச் சுற்றியுள்ளவைதான்: கடைசி நிமிடத்தில் தலையில் விழும் மாற்று வகுப்பு, சத்தம் ஓயாத ஆசிரியர் அறை, வாய்மொழியாகப் பாதி சொல்லப்படும் உத்தரவு, இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் வரும் சுற்றறிக்கை. இடையூறில்லாத நேரத்தில் ஒன்றிலேயே ஆழ்ந்து எழுதக்கூடியவரிடம், பள்ளி முடியும்போது எழுதவும் தெம்பிருக்காது, வீட்டாரோடு பேசவும் தெம்பிருக்காது.

பிரிட்டனில் வேலை செய்யும் வயதிலுள்ள ஆட்டிசம் உள்ளவர்களில் பத்துப் பேரில் மூன்று பேருக்குத்தான் வேலை இருக்கிறது என்று அந்நாட்டு அரசுக்காக ராபர்ட் பக்லண்ட் தயாரித்த ஆய்வறிக்கை 2024-இல் கூறியது. ஆளெடுக்கும் முறையும் பணியிடச் சூழலும் தடைகளாக நிற்பதை அது சுட்டிக்காட்டியது. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் ஆட்டிசத்தையும் உள்ளடக்கியது. அதன் 20-ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிப் பணியாளருக்கு நியாயமான வசதிகளைச் செய்து தரும் கடமையை அரசு நிறுவனங்கள் மீது சுமத்துகிறது. அரசு உதவி பெறும் நிறுவனங்களும் அந்த வரையறைக்குள் வருகின்றன. இடஒதுக்கீட்டுக்கு 40 சதவீதக் குறைபாடு தேவை. ஆனால் நியாயமான வசதி கேட்க அந்த அளவுகோல் முன்நிபந்தனை ஆகாது என்று, தேர்வு எழுத உதவியாளர் கேட்ட ஒருவரின் வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

மனிதர்களோடு பழகும் தொழிலுக்கு இவர்கள் பொருந்துவார்களா என்று கேட்பவர்கள் உண்டு. புரிந்துகொள்வதில் உள்ள இடைவெளி இருபக்கமும் இருக்கிறது என்று ஆட்டிசம் உள்ள சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012-இல் வாதிட்டார். ஆட்டிசம் உள்ளவர்கள் தங்களுக்குள் செய்தியைக் கைமாற்றும்போது மற்றவர்களுக்கு இணையாகவே துல்லியமாகக் கைமாற்றுகிறார்கள் என்று பின்வந்த ஆய்வும் காட்டியது. வகுப்பில் ஒதுங்கி நிற்கும் மாணவரை முதலில் கண்டுகொள்பவர் இத்தகைய ஆசிரியராகவே இருக்கக்கூடும். ஒருவருக்குச் சலுகை தந்தால் சுமை சக ஆசிரியர்கள் மீது விழாதா என்பது அடுத்த கேள்வி. அந்தக் கவலையைத் தள்ளிவிட முடியாது. நிர்வாகத்துக்கு அளவுமீறிய சுமையாகும் எதையும் சட்டமும் கேட்கவில்லை. ஒருவரின் மாற்று வகுப்பை இன்னொருவர் தலையில் கட்டுவது தீர்வாகாது. யாருக்கு எந்த நாளில் மாற்று வகுப்பு என்று வாரத் தொடக்கத்திலேயே முறை வைத்துவிட்டால், எல்லோருக்கும் அது நிம்மதி.

ஆகவே, பள்ளிக் கல்வித் துறையும் உயர்கல்வித் துறையும் தெளிவான சுற்றறிக்கை வெளியிட வேண்டும். உத்தரவுகள் எழுத்தில் வர வேண்டும். அட்டவணை மாற்றங்கள் முன்கூட்டியே தெரிய வேண்டும். பணி நேரத்துக்குப் பின் வரும் செய்திகளுக்கு மறுநாள் பதில் தந்தால் போதும் என்பது விதியாக வேண்டும். வளாகத்தில் அமைதியான ஓர் அறை ஒதுக்கப்பட வேண்டும். தன் நிலையை வெளியே சொல்பவருக்குப் பதவி உயர்விலோ பணி நீட்டிப்பிலோ பாதிப்பு வராது என்ற உறுதியும், மீறினால் முறையிட ஓர் அலுவலரும் தேவை. இவற்றில் எதற்கும் பெரிய நிதி தேவையில்லை. ஒரு கல்வியாண்டுக்குள் செய்து முடிக்கக்கூடிய இவற்றைத் தள்ளிப்போட எந்த நிர்வாகத்துக்கும் காரணம் இல்லை.