வாயிலை மறந்த வைத்தியம்

மார்புப் புற்றுநோய்க்கான மருந்துகள் தொடக்கத்திற் பயனளித்துப் பின்னர் பயனற்றுப் போவது ஏன்? இவ்வினாவுக்கு வழமையாகக் கூறப்படும் விடைகள் மூன்று: பரம்பரையலகுகள் திரிபடைந்தன, ஓமோன் வாங்கிகள் மாற்றமுற்றன, மருந்தை வெளியேற்றும் பம்பிப் புரதங்கள் பெருகின. கலமென்சவ்விலுள்ள அயன் கால்வாய்களைப் பற்றிப் பேசினாலோ, அவை நரம்புக்கும் தசைக்கும் உரியவை, புற்றுநோயியலார்க்கு அவற்றால் ஆவதென்ன என வினவுவோர் இன்றும் உளர். இம்மனப்பாங்கு தவறானது, நோயாளருக்குத் தீங்கானதுமாகும்.

இப்பிரிவினையை வகுத்தது இயற்கையன்று, ஆய்வின் வரலாறே. கணவாயின் பெருநரம்பிழையில் ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் செய்த பரிசோதனைகள் 1952இல் வெளிவந்தபின், கால்வாய் என்றதும் நரம்புக் கணத்தாக்கமே நினைவுக்கு வரலாயிற்று. ஆயின், கணத்தாக்கத்தைக் கடத்தாத கலங்களுக்கும் கால்வாய்கள் உண்டு. கலம் பிரிவதும், இடம்பெயர்வதும், இறப்பதும் அவற்றின்வழிச் செல்லும் அயன்களைச் சார்ந்துள்ளன. கலத்தைக் கொல்லவெனக் கொடுக்கப்படும் மருந்தின் வெற்றி தோல்வியில் மட்டும் அவற்றுக்குப் பங்கில்லை என்பார், அதனை நிறுவக் கடமைப்பட்டவராவர்.

சான்றுகளோ எதிர்த்திசையையே காட்டுகின்றன. அட்ரியாமைசினுக்கு எதிர்ப்புப் பெற்ற எம்.சி.எப்.-7 மார்புப் புற்றுநோய்க் கலங்களில் ரி.ஆர்.பி.சி.5 என்னும் கல்சியக் கால்வாய் மிகுந்திருப்பதையும், அது பி-கிளைக்கோபுரதம் என்னும் பம்பியின் உற்பத்தியைத் தூண்டுவதையும் 2012இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. வழமையான விடை குற்றஞ்சாட்டும் பம்பியைப் பின்னின்று ஏவுவதே ஒரு கால்வாய்! மார்புப் புற்றுநோயின் சில வகைகளுக்கும் வழங்கப்படும் சிஸ்பிளாற்றின், கலத்தினுட் புகும் வழிகளுள் ஒன்று கலத்தின் கனவளவைச் சீராக்கும் கால்வாய் என்பது 2015இல் வெளியாயிற்று. அக்கால்வாயை இழந்த மனிதக் கலங்கள் அம்மருந்தைத் தாங்கிப் பிழைத்தன. இவை ஆய்வுகூட முடிவுகளே. எனினும் புறக்கணிக்கத் தக்கனவல்ல.

மறுப்போரின் வலிய படைக்கலம் வெரப்பமில். கல்சியக் கால்வாயைத் தடுக்கும் இம்மருந்து, எதிர்ப்புப் பெற்ற இரத்தப் புற்றுநோய்க் கலங்களை மீண்டும் மருந்துக்கு வசப்படுத்தியதென 1981இல் அறிவிக்கப்பட்டது. நோயாளரிடத்தோ, வேண்டிய அளவிற் கொடுத்தபோது இருதயம் பாதிப்புற்றது. இதனைக் கொண்டு கால்வாய்க் கொள்கையே தோற்றதென்பர். ஆனால் வெரப்பமில் எதிர்ப்பை முறித்தது கால்வாயை அடைத்தன்று. பம்பியை நேரே தடுத்தேயாகும். எனவே அங்குத் தோற்றது பம்பியைத் தடுக்கும் முயற்சி. ஒருவர் தோல்வியை மற்றவர் கணக்கில் எழுதுவது அறிவியல் நேர்மையாகுமா?

இருதயத்துக்கு நேரக்கூடிய ஆபத்து மெய்யே. அதற்காக வாயிலையே மறத்தல் தகாது. வேறுபாடு அறிந்து தொடுதலே தகும். மார்புப் புற்றுநோய்க் கலங்களிற் காணப்படும் சோடியக் கால்வாய், வளர்ந்தோர் இருதயத்திற் பெரிதும் உள்ள வடிவினின்று வேறுபட்ட சிசுப் பருவ வடிவம் என்பது 2005இல் அறிவிக்கப்பட்டது. மருந்தை உடலெங்கும் பரப்பாது உரிய இடத்திற் செலுத்துவதும் ஒரு வழி. மும்பாய் ராரா நினைவு மருத்துவமனையினர் தலைமையில் 1,600 பெண்களிடம் நடத்தப்பட்டு 2023இல் வெளியான பரிசோதனையில், சத்திரசிகிச்சைக்குச் சற்றுமுன் கட்டியைச் சுற்றி லிடோகெயின் ஏற்றப்பட்டது. ஐந்தாண்டு உயிர்வாழ்வு 86.4 வீதத்திலிருந்து 90.1 வீதமாக உயர்ந்தது. லிடோகெயின் சோடியக் கால்வாயைத் தடுப்பது. இது மருந்தெதிர்ப்பு பற்றிய ஆய்வன்று. பயனுக்குக் காரணம் கால்வாயே என அது நிறுவவுமில்லை. அதனை நிறுவுதலோ மறுத்தலோ யார் கடன்? மலிவான பழைய மருந்தினால் பெருவணிகர்க்கு இலாபமில்லை. ஆதலின் பொதுப் பல்கலைக்கழகங்களே இவ்வினாவை ஏற்கவேண்டும்.

நாம் வேண்டுவன இரண்டே. உடற்றொழிலியலாரும் புற்றுநோயியலாரும் ஒரே மேசையில் அமர்ந்து கற்க வேண்டும். மருந்து பயனற்றுப்போன கட்டிகளை ஆராய்கையிற் கால்வாய்களும் கணக்கெடுக்கப்பட வேண்டும். பாடத்திட்டத்தின் எல்லைகள் நாம் வரைந்தவை. நோய் அவற்றை மதிப்பதில்லை. நோயுற்ற பெண்ணுக்கு அவற்றால் எப்பயனுமில்லை.