அரக்குத் தட்டும் ஸ்பிரிட்டும்

இசைத்தட்டுகளுக்கு மறுபடியும் யோக காலம் பிறந்திருக்கிறது. பல வருஷங்களாகப் பரணில் அஞ்ஞாதவாசம் செய்த கிராமபோன் பெட்டிகளெல்லாம் கூடத்துக்கு இறங்கி வருகின்றன. எங்கள் நாகமலைப் புதுக்கோட்டையிலேயே சில வீடுகளில் மாலை வேளையில் தட்டு சுழலும் சப்தம் கேட்கிறது. மெத்தச் சந்தோஷம். ஆனால், அந்தத் தட்டுகளைச் சுத்தம் செய்வதில் நம்மவர்கள் காட்டும் உற்சாகத்தைப் பார்த்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

சில வாரங்களுக்கு முன் கல்லூரி மாணவன் ஒருவன் தன் பாட்டனாரின் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்த தட்டு ஒன்றை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சினால் தேய்த்துக்கொண்டிருந்தான். பஞ்சு கன்னங்கரேலென்று ஆயிற்று. “எவ்வளவு அழுக்கு, பார்த்தீர்களா சார்!” என்று பெருமையோடு காட்டினான். “அப்பனே, அது அழுக்கல்ல, பாட்டு!” என்றேன். பையனைக் குறை சொல்லிப் பயனில்லை. வினைல் தட்டைத் துடைக்க மேல்நாட்டார் சொன்ன முறையை அவன் பிசகாமல் அனுசரித்தான். தட்டுத்தான் வினைல் அல்ல.

நம் பாட்டன்மார் வாங்கிய தட்டுகள் அவலரக்கினால் ஆனவை. அரக்கு மாளிகைக் கதையில் வருகிறதே, அதே அரக்குத்தான். புரசு முதலிய மரங்களின் கிளைகளில் ஒட்டி வாழும் சிறு பூச்சி கசிய விடும் பிசின் அது. சோட்டா நாகபுரிப் பிரதேசத்துக் காடுகளில் ஏராளமாய்க் கிடைப்பது. அதனுடன் கல்தூளும் கரியும் கலந்து, சூட்டில் அழுத்தித் தட்டு வார்த்தார்கள். இதிலே ஒரு வேடிக்கை உண்டு. 1902-ஆம் வருஷம் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடியதைப் பதிவு செய்தவர்கள், தட்டு வார்ப்பதற்கு ஜெர்மனியிலுள்ள ஹனோவர் நகருக்கு அனுப்பினார்கள். அரக்கு நம்முடையது, பாட்டும் நம்முடையது. வார்ப்பதற்கு மட்டும் கடல் கடந்து போய் வரவேண்டியிருந்தது! 1908-ல்தான் கல்கத்தாவில் ஆலை ஏற்பட்டது. வினைல் நெடுந்தட்டு அமெரிக்காவில் 1948-ல் வெளிவந்த பிறகும், நம் நாட்டில் அரக்குத் தட்டு 1960-களிலும் வார்க்கப்பட்டு வந்தது.

அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். இதை எந்தத் தச்சரைக் கேட்டாலும் சொல்வார். மேசை நாற்காலிக்குப் பாலிஷ் போட அவர் அவலரக்கை ஸ்பிரிட்டில்தானே ஊறவைக்கிறார்? வினைலோ ஒரு வகைப் பிளாஸ்டிக். நீர் கலந்த ஆல்கஹால் அதை ஒன்றும் செய்யாது. ஒன்றுக்கு மருந்து, மற்றொன்றுக்கு விஷம்.

போனால் போகிறது, வேறு தட்டு வாங்கலாமென்று எண்ணுவதற்கில்லை. எஸ். ஜி. கிட்டப்பா 1933-ல் தமது இருபத்தேழாம் வயதில் காலமானார். பேசும் படம் தமிழுக்கு வந்து இரண்டே வருஷம் ஆகியிருந்தது. அவர் எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. அந்தக் குரல் நமக்கு மிஞ்சியிருப்பதெல்லாம் பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிஷம் ஓடும் இந்தக் கறுப்புத் தட்டுகளில்தான். மதுரையில் பிறந்த எம். எஸ். சுப்புலட்சுமி பத்து வயதுச் சிறுமியாகப் பாடிய முதல் தட்டும் அரக்குத் தட்டே. பிரசித்தி பெற்றவர்களின் பாட்டுக்களைச் சேகரித்து வைத்திருப்பவர்கள் உண்டு. பெயர் மறந்துபோன நாடக நடிகர்களின் பாட்டுக்கு உங்கள் வீட்டுப் பெட்டியே கடைசிப் புகலிடமாக இருக்கலாம்.

ஆகவே, முதலில் இன்ன தட்டு என்று தெரிந்துகொள்ளுங்கள். அரக்குத் தட்டு கனக்கும், வளையாது, கீழே விழுந்தால் அப்பளமாய் நொறுங்கும். வினைல் இலேசானது, சற்றே வளைந்து கொடுக்கும். லேபிளில் 33⅓ அல்லது 45 என்று வேகம் குறித்திருந்தால் பெரும்பாலும் வினைல்தான். சந்தேகமிருந்தால் அரக்கென்றே வைத்துக்கொண்டு ஸ்பிரிட்டை ஒதுக்கிவிடுங்கள்.

முதலில் மிருதுவான தூரிகையால் தூசியைத் தட்டிவிட வேண்டும். தூசியோடு ஈரம் சேர்த்துத் தேய்த்தால் அது உப்புக் காகிதம்போல் அராவும். பிறகு தண்ணீர். எங்கள் பக்கத்து ஆழ்குழாய் நீர் உதவாது. குடத்தின் கழுத்தில் வெள்ளையாய்ப் படிகிற அந்த உப்பு, தட்டின் வரியிலும் படியும். காய்ச்சி வடித்த நீரே வேண்டும். மோட்டார் பாட்டரிக்கு ஊற்றும் நீர் போதும். (கடைக்காரரிடம் ‘பாட்டரித் தண்ணீர்’ என்று விளக்கமாய்க் கேளுங்கள். அங்கே திராவகமும் விற்பார்கள்!) ஒரு கிண்ணம் நீரில் வாசனையற்ற சோப்புத் திரவம் ஒரு சொட்டு விட்டு, பழைய மல் துணியை நனைத்துப் பிழிந்து, வரிகள் போகும் வழியே வட்டமாகத் துடைக்க வேண்டும். குறுக்கே தேய்க்கவே கூடாது. அடுத்தபடி வெறும் நீர்த் துணியால் சோப்பைப் போக்கி, உடனே உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். நாய்ப் படம் போட்ட லேபிளானாலும் சரி, வேறெந்த லேபிளானாலும் சரி, ஈரம் படலாகாது. ஊறவைப்பதும் ஆகாது. சில தட்டுகளின் நடுவே காகிதப் படலம் வைத்து வார்த்திருக்கிறார்கள். விரிசல் வழியே நீர் புகுந்தால் உப்பிவிடும்.

தேங்காயெண்ணெய் தடவி ‘மெருகு’ ஏற்றுகிறவர்களைப்பற்றி என்ன சொல்வது? மெருகு ஏறும், அதன்மேல் ஊர்த் தூசியெல்லாம் ஏறும்.

காய வைப்பது நிழலில். சித்திரை வெயிலில் வடகத்துக்குப் பக்கத்தில் தட்டைப் பரப்பினால், மாலையில் தட்டு கிண்ணமாகியிருக்கும். நன்றாக உலர்ந்தபின் புதுக் காகித உறையிலிட்டு, புஸ்தகம்போல் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்க வேண்டாம்.

ஊசி விஷயத்திலும் கவனம் வேண்டும். அரக்குத் தட்டின் வரி அகலமானது. நெடுந்தட்டுக்கான ஊசியைப்போல் சுமார் மூன்று மடங்கு பருத்த முனை அதற்கு வேண்டும். சாவி கொடுக்கும் பழைய பெட்டியிலானால், பக்கத்துக்கு ஓர் எஃகு ஊசி என்று மாற்றவேண்டும். அந்தப் பெட்டியில் வினைல் தட்டை வைத்தால் கனத்த தலை அதை உழுதுவிடும்.

பழைய உறையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பழுப்பேறிய காகிதத்தில் தட்டை வைத்திருப்பது நல்லதல்ல என்பது மெய்தான். ஆனாலும் அதில் அச்சிட்ட கடையின் பெயரும், மூலையில் பாட்டனார் பென்ஸிலால் எழுதிய தேதியும் இருக்கக்கூடும். அவற்றைத் தனிக் கட்டாகக் கட்டி, அதே பெட்டியில் போட்டு வையுங்கள்.