பயிரும் பறவையும் எதிரிகள் அல்ல

ராஜஸ்தான் மாநிலம் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்கா சுமார் 29 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஈரநிலம். 1981இல் ராம்சார் பட்டியலிலும் 1985இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பெற்றது. பல்லாயிரம் வலசைப் பறவைகளின் புகலிடமான இதன் உயிர்நாடி, கம்பீர் ஆற்றிலிருந்து அஜன் தேக்கத்தின் வழியாக வந்த நீர்தான். மேலே கரௌலி மாவட்டத்தில் பாஞ்சனா அணை எழுந்த பிறகு அந்த வரத்து சுருங்கியது.

2004இல் பருவமழை குறைந்தபோது, அணை நீரைப் பூங்காவுக்குத் திறக்கக் கூடாது என்று விவசாயிகள் போராடினர். மாநில அரசும் திறக்கவில்லை. உடனே ‘பறவைகளா, விவசாயிகளா’ என்று விவாதம் கிளப்பப்பட்டது. பின்னர் கோவர்தன் வடிகாலிலிருந்தும் சம்பல் ஆற்றிலிருந்தும் குழாய் வழியே நீர் கொண்டுவர ஏற்பாடு செய்யப்பட்டது. ஆனால் ஆற்றுப்படுகையில் நீரை எப்படிப் பகிர்வது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

மக்களை ஒதுக்கிவைத்து இயற்கையைக் காக்க முடியாது என்பதற்கும் இதே மண்ணே சாட்சி. 1982இல் பூங்காவில் மேய்ச்சலுக்குத் தடை விதிக்கப்பட்டபோது எதிர்த்து நின்ற கிராம மக்கள் மீது காவல்துறை சுட்டது. பலர் உயிரிழந்தனர். இன்று அதே விவசாயிகளிடம் ‘தண்ணீரை மிச்சப்படுத்துங்கள்’ என்று உபதேசம் மட்டும் செய்வது நியாயமாகாது.

கோதுமைக்கும் கடுகுக்கும் தெளிப்பு நீர்ப்பாசனம் பொருத்தமானது. ஒன்றிய அரசின் ‘ஒவ்வொரு துளிக்கும் அதிக விளைச்சல்’ திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கு 55 சதவீதமும் மற்றவர்களுக்கு 45 சதவீதமும் மானியம் உண்டு. பல மாநிலங்கள் தம் பங்கைச் சேர்க்கின்றன. தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம் தரப்படுகிறது. ஈரநிலங்களின் நீர்ப்பிடிப்புப் பகுதிகளிலாவது இதே அளவு உதவியை ஒன்றிய அரசு ஏன் நாடு முழுவதும் தரக்கூடாது?

கருவியின் விலை மட்டுமே தடையல்ல. கால்வாய் நீர் முறைவைத்து வருவது. தெளிப்பானுக்கோ தேவைப்படும் நேரத்தில் நீர் வேண்டும். எனவே ராஜஸ்தானில் ‘டிக்கி’ எனப்படும் சேமிப்புத் தொட்டியும் தடையற்ற மின்சாரமும் அவசியம். நிலப்பதிவேட்டில் பெயரில்லாத குத்தகை விவசாயிக்கும் வாரதாரருக்கும் மானியத்தின் கதவு எளிதில் திறப்பதில்லை. குறைந்த நீரில் விளையும் கம்புக்கும் கடுகுக்கும் உறுதியான கொள்முதல் இல்லாதவரை, பயிரை மாற்றச் சொல்வதும் வெறும் பேச்சே.

இன்னொரு உண்மையையும் மறைக்கக்கூடாது. வயலில் மிச்சமாகும் நீர் தானாக ஈரநிலத்துக்குப் போய்ச் சேராது. வசதி படைத்தவர்கள் அந்த நீரைக் கொண்டு சாகுபடிப் பரப்பை விரிவாக்கலாம்; அதிக நீர் கேட்கும் பணப்பயிருக்கு மாறலாம். அப்போது மக்கள் வரிப்பணத்தில் வந்த சேமிப்பு சிலரின் லாபமாகிவிடும். சதுப்பு காய்ந்தே கிடக்கும். ஆகவே, சேமித்த நீரில் வயலுக்கு எவ்வளவு, குடிநீருக்கு எவ்வளவு, ஈரநிலத்துக்கு எவ்வளவு என்பதை அணையின் மேற்பகுதி, கீழ்ப்பகுதி கிராம சபைகளும் பாசன விவசாயிகளும் அரசுடன் அமர்ந்து முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவுக்குச் சட்டப் பாதுகாப்பும் வெளிப்படையான நீர்க் கணக்கும் தேவை. மழை பொய்க்கும் ஆண்டில் நீரை விட்டுக்கொடுக்கும் விவசாயிக்கு இழப்பீடு உறுதி செய்யப்பட வேண்டும்.

ஈரநிலம் நாட்டின் பொதுச்சொத்து என்றால், அதைக் காக்கும் செலவும் நாட்டின் பொதுப்பொறுப்பே. அச்சுமையைச் சிறு விவசாயியின் தோளில் மட்டும் ஏற்றுவதை எதிர்ப்பதும், மிச்சமாகும் நீரைப் பொதுவில் நிறுத்துவதும் ஒரே போராட்டத்தின் இரு முனைகள். விவசாயிகள் இயக்கம் இரண்டையும் சேர்த்தே முன்னெடுக்க வேண்டும்.