தறியும் கயிறும்

சென்ற பிரதோஷத்தன்று அபிஷேகம் நிறைவுற்றபின், பிரகாரத்தில் முதிய அம்மையார் ஒருவர் தம் பதினைந்து வயதுப் பேரனுக்குத் தயிர்சாதம் ஊட்டிக்கொண்டிருந்தார். டவுன் சின்ட்ரோம் என்னும் நிலையோடு பிறந்த பிள்ளை. “எனக்கு எழுபத்திரண்டு ஆகிறது. எனக்குப் பிறகு இவனுக்கு யார் ஊட்டுவார்கள்? யார் செய்த பாவமோ!” என்று கண் கலங்கினார்.

இது எவர் செய்த பாவமும் அன்று. உடலின் அணுக்களில் 46 குரோமோசோம்கள் இருத்தல் இயல்பு. 21ஆவது குரோமோசோம் ஒன்று மிகுந்து, பெரும்பாலும் 47 ஆகிவிடுவதே இந்நிலைக்குக் காரணம். 1959ஆம் ஆண்டிலேயே விஞ்ஞானம் இதனைக் கண்டறிந்துவிட்டது.

அம்மையாரின் வினாவிற்குத் திருவாரூரில் விடை உண்டு. தண்டியடிகள் நாயனார் பிறவியிலேயே பார்வையற்றவர். கமலாலயத் திருக்குளத்தைத் தோண்டிப் பெருக்க விழைந்த அவர், குளத்தினுள் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இரண்டையும் கயிற்றால் இணைத்தார். அக்கயிற்றைத் தடவியவாறே மண்ணைச் சுமந்து கரையேற்றினார். இறைவனருளால் கண் பெற்றது பின்னர். கண் இல்லாதபோதே தொண்டு தொடங்கிவிட்டது.

நம் பிள்ளைகளுக்கு வேண்டுவதும் அத்தகைய கயிறே. இவர்களுள் பலர் கேட்டு அறிவதைக் காட்டிலும் பார்த்து எளிதில் அறிவர். ஆகவே பல் துலக்குதல், குளித்தல், உடுத்தல் ஆகியவற்றைச் சிறு படிகளாகப் பிரித்து, படமாக வரைந்து சுவரில் ஒட்டி வைக்கலாம். ஒரு படி கைவந்தபின் அடுத்த படி. பொத்தான் போடக் கால்மணி நேரம் ஆயினும் காத்திருங்கள். பரிவினால் நாமே செய்துவிடுவது கயிற்றை அறுப்பதாகும். சோம்பலாகத் தோன்றுவது தைராய்டு குறைவாகவும், சொல் கேளாமை செவித்திறன் குறைவாகவும் இருக்கக்கூடும். ஆண்டுதோறும் மருத்துவரிடம் காட்டுதல் நலம்.

ஒரு தறி வீடு, மற்றொன்று ஊர். பூக்கடைக்காரர் பிள்ளையிடமே விலை கூறிச் சில்லறையை எண்ண விடட்டும். ஆலயத்தில் அகல் துடைக்கவும், தொன்னையில் பிரசாதம் வழங்கவும் வாரந்தோறும் ஒரு பணி தரலாம். “ஐயோ பாவம்” என்று காசு கொடுப்பதை விடுத்து, பெயர் சொல்லி அழைத்து நலம் விசாரியுங்கள். பாட்டி இல்லாத நாளிலும் அவனை அறிந்தவர் பத்துப் பேர் தெருவில் இருப்பர்.

பதினெட்டு வயது நிரம்பியபின் துணை தேவைப்படுவோர்க்கு, 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவின் வாயிலாகச் சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்க வழியுண்டு. கைகால் திடமாக உள்ளபோதே இதனைச் செய்துவிடுதல் நன்று.

அன்று அந்தத் தொன்னையைப் பேரனின் கையிலேயே கொடுக்குமாறு வேண்டினேன். அம்மையார் தயங்கிக் கொடுத்தார். பாதி சட்டையில் சிந்தியது; மீதியை அவனே உண்டான். பின்னர் எழுந்து சென்று, குழாயில் தானே கை கழுவி வந்தான்.