ராமனும் சிவனும் ஒண்ணு!

பிளஸ் டூல பயாலஜி படிச்சவங்க எல்லாம் கை தூக்குங்க பார்ப்போம். 'ராமாபித்திகஸ்' ஞாபகம் இருக்கா? 'மனிதனை அதிகம் ஒத்திருந்தது'ன்னு என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்துல படிச்சு, மனப்பாடம் பண்ணி, ஒரு மார்க்கும் வாங்கியிருப்பீங்களே... அதேதான்!

விஷயம் என்னன்னா, நம்ம முன்னோர் லிஸ்ட்லேர்ந்து அந்தப் பேரை எப்பவோ தூக்கியாச்சு.

1932. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மாணவர் எட்வர்டு லூயிஸ் (ஆமாங்க, உங்களை மாதிரி ஸ்டூடன்ட்தான்!) இன்றைய இமாச்சலப் பிரதேசத்தில் ஹரிதல்யாங்கர் பக்கம் ஒரு மேல்தாடைத் துண்டைக் கண்டெடுத்தார். 1934-ல் ராமர் பேரையே அதுக்கு வச்சார். 1961-ல் எல்வின் சைமன்ஸ், 'இது மனித வம்சத்தோட ஆரம்பம்' என்றார். டேவிட் பில்பீமும் கூட்டு சேர, உலகம் பூரா ராமாபித்திகஸ் ஹீரோ!

ஓசூர் சிப்காட்ல இன்பிளான்ட் டிரெய்னிங் போயிருக்கீங்களா? உடைஞ்ச பார்ட்ல பாதியை மட்டும் கையில கொடுத்து, 'முழு டிராயிங் போடு'ன்னா என்ன செய்வீங்க? மீதியை மனசுல இருக்கிறபடிதான் வரைவீங்க. அங்கேயும் அதே கதைதான். தாடையின் நடுப்பகுதியே கிடைக்கலை. மனுஷன்னு நினைச்சதால, பல் வரிசையை மனுஷனுக்கு இருக்கிற மாதிரி வில்லா வளைச்சுட்டாங்க.

1967-லேயே பெர்க்லியில் வின்சென்ட் சாரிச், ஆலன் வில்சன் ரெண்டு பேரும் ரத்தப் புரதத்தை ஒப்பிட்டு, 'மனுஷனும் ஆப்பிரிக்க வாலில்லாக் குரங்கும் பிரிஞ்சே சுமார் 50 லட்சம் வருஷம்தான் ஆச்சு' என்றார்கள். ராமாபித்திகஸோ ஒரு கோடி வருஷத்துக்கும் மேல பழசுன்னு அப்போ கணக்கு. எலும்பு ஆட்கள் கண்டுக்கவே இல்லை!

அப்புறம் பாகிஸ்தானின் போட்வார் பீடபூமியில் முழுசான கீழ்த்தாடை ஒண்ணு கிடைச்சது. பல் வரிசை வில் இல்லை, 'வி' எழுத்து! அடுத்து, 1982-ல் வெளியான ஒரு முகத்தோட எலும்பு... அப்படியே ஒராங்குட்டான் ஜாடை. அது சிவாபித்திகஸ் முகம். ராமாபித்திகஸும் அதே இனம்தான்னு முடிவாச்சு. சிவா பேர் 1910-லேயே வச்சது. சீனியர் பேருக்குத்தான் மரியாதைங்கிறது விலங்கியல் விதி. அதனால ராமா, சிவாவுக்குள்ள ஐக்கியம். 'அரியும் சிவனும் ஒண்ணு'ன்னு பாட்டி சொன்னது எலும்புலயும் பலிச்சிடுச்சு!

இதுல நிஜ ஹீரோ யார் தெரியுமா? பில்பீம்தான். போட்வாரில் தோண்டியது அவரோட டீம். அந்த முகத்தைப் பத்தி 1982-ல் எழுதினதும் அவரேதான். தான் தூக்கிப் பிடிச்ச முடிவைத் தன் கையாலேயே ரிஜெக்‌ஷன் பின்ல போட்டார். ஆனா பாடப்புத்தகம் மட்டும் பழைய டிராயிங்கையே ஓட்டிக்கிட்டிருந்தது!

மார்க்குக்குப் புத்தகத்துல இருக்கிறதை எழுதுங்க, தப்பில்லை. ஆனா அடுத்த தடவை வைவாலயோ வேலையிலயோ 'கன்ஃபார்ம்'னு அடிச்சுச் சொல்றதுக்கு முன்னாடி, கையில இருக்கிறது முழுத் தாடையா, பாதித் தாடையான்னு ஒரு நிமிஷம் பாருங்க மக்களே!