குழலைத் தேய்ப்பது குண்டா, சூடா?

மாணவர்களே, ஒரு கேள்வியோடு தொடங்குவோம். துப்பாக்கிக் குழல் எஃகால் ஆனது. அதன் வழியே ஈயக் குண்டு பாய்ந்து செல்கிறது. ஆயிரக்கணக்கான முறை சுட்ட பிறகு குழலின் உட்புறம் தேய்ந்துவிடுகிறது. தேய்த்தது யார்?

‘குண்டுதான், வேறு யார்?’ என்று நீங்கள் சொல்லக்கூடும். உராய்வு பற்றிய பாடத்தைப் படித்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். ஒன்றோடொன்று உரசினால் தேயும். ஆனால் சற்று யோசியுங்கள். ஈயம் நகத்தால் கீறக்கூடிய மென்மையான உலோகம். அது எஃகை இவ்வளவு எளிதில் தேய்த்துவிடுமா?

துப்பாக்கியைப் பற்றி மாணவர் பகுதியில் ஏன் எழுத வேண்டும் என்று பெற்றோர் சிலர் நினைக்கலாம். நம் நாட்டில் துப்பாக்கிச் சட்டம் மிகக் கடுமையானது. அது கடுமையாக இருப்பதே நல்லது. நான் இங்கே பேச வருவது ஆயுதத்தைப் பற்றி அன்று. குறி பார்த்துச் சுடும் போட்டிகளில் பயன்படும் ரிவால்வருக்குள் நடக்கும் இயற்பியலையும் வேதியியலையும் பற்றித்தான். அதில் நாம் எல்லாரும் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. ஒரு பொருளின் ஆற்றலை அளக்கும்போது, அந்த ஆற்றலோடு சேர்ந்து வரும் சூடு எங்கே போகிறது என்பதையும் கேட்க வேண்டும் என்பதே அது.

இரண்டு சாட்சிகள்

ரிவால்வரின் நடுவே சுழலும் உருளை ஒன்று இருக்கும். பெரும்பாலும் ஆறு தோட்டாக்கள் அதில் நிற்கும். விசையை அழுத்தினால் ஒரு தோட்டாவில் உள்ள மருந்து எரிகிறது. அதிலிருந்து பிறக்கும் வாயு குண்டைத் தள்ளுகிறது. குண்டு உருளையிலிருந்து வெளியேறி, குழலுக்குள் நுழைந்து, வெளியே பறக்கிறது. உருளை தடையின்றிச் சுழல வேண்டுமல்லவா? அதற்காக உருளைக்கும் குழலுக்கும் இடையே மெல்லிய இடைவெளி விட்டிருப்பார்கள். அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்குதான் இருக்கும்.

இந்த இடைவெளிதான் நம் முதல் சாட்சி. குண்டு அதைக் கடக்கும் நொடியில் சூடான வாயுவில் ஒரு பகுதி பக்கவாட்டில் பீறிட்டு வெளியேறுகிறது. இடைவெளிக்கு நேர் மேலே ரிவால்வரின் சட்டம் இருக்கிறது. ஆற்றல் மிகுந்த தோட்டாக்களைத் தொடர்ந்து சுட்ட ரிவால்வர்களில், அந்த இடத்தில் கத்தியால் கீறியதுபோல் மெல்லிய பள்ளம் விழுந்திருப்பதைக் காணலாம். அந்த இடத்தைக் குண்டு ஒருபோதும் தொடுவதில்லை. வாயு மட்டுமே தொடுகிறது.

இரண்டாவது சாட்சி குழலுக்குள்ளேயே இருக்கிறது. உராய்வுதான் குற்றவாளி என்றால், குண்டு மிக வேகமாகப் போகும் இடத்தில்தான் தேய்மானம் அதிகமாக இருக்க வேண்டும். அதாவது குழலின் வாய்ப்பகுதியில். ஆனால் பெரும்பாலான துப்பாக்கிகளில் அரிப்பு மிக அதிகமாக இருப்பது குழலின் தொடக்கத்தில். அங்கே குண்டு இப்போதுதான் நகரத் தொடங்கியிருக்கும். ஆனால் வாயுவின் வெப்பமும் அழுத்தமும் உச்சத்தில் இருப்பது அங்கேதான்.

இரண்டு சாட்சிகளும் ஒரே திசையைக் காட்டுகின்றன. உராய்வுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல முடியாது. செம்பு உறையிட்ட கடினமான குண்டுகள் ஓரளவு தேய்க்கத்தான் செய்யும். ஆனால் முதல் குற்றவாளி சூடு.

ஒரு மில்லி விநாடிக்குள்

எஃகு ஏறத்தாழ 1,400 முதல் 1,500 டிகிரி செல்சியசில் உருகும். எரியும் துப்பாக்கி மருந்தின் வாயுவோ 2,000 டிகிரியைத் தாண்டும். சில மருந்துகளில் அது 3,000 டிகிரியையும் கடக்கும். அப்படியானால் முதல் தடவை சுட்டதுமே குழல் உருகி ஒழுக வேண்டாமா?

அதைக் காப்பாற்றுவது நேரம். குண்டு குழலைக் கடக்க ஏறத்தாழ ஒரு மில்லி விநாடிதான் ஆகிறது. அந்தச் சிறு நேரத்தில் வெப்பம் எஃகுக்குள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஆழம் வரைதான் ஊடுருவ முடியும். ஆக, தோல் போன்ற மெல்லிய படலம் மட்டும் கடுமையாகச் சூடேறுகிறது. அதன் கீழே உள்ள எஃகு குளிர்ந்தே இருக்கிறது.

தடித்த கண்ணாடிக் குவளையில் கொதிநீரை ஊற்றினால் என்ன ஆகும்? உட்புறம் விரிய முயலும், வெளிப்புறம் விடாது. குவளை விரிசல் விடும். குழலிலும் இதே கதைதான். சூடான படலம் விரியப் பார்க்கிறது. கீழே உள்ள எஃகு அதை இறுக்கிப் பிடிக்கிறது. அடுத்த கணம் படலம் குளிர்ந்து சுருங்குகிறது. இது ஆயிரம் முறை நடந்தால் அந்த மேற்பரப்பு வறண்ட குளத்துச் சேற்றைப்போல வெடிப்பு விடுகிறது. போதாததற்கு, வாயுவில் உள்ள கார்பனும் நைட்ரஜனும் சூடான எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மையுடையதாக ஆக்குகின்றன. வெடிப்பு விழுந்த, நொறுங்கும் படலத்தை அடுத்துவரும் வாயு எளிதாகப் பெயர்த்துச் செல்கிறது.

மருந்தின் தேர்வு

இப்போது மருந்துக்கு வருவோம். இன்றைய துப்பாக்கி மருந்தின் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். பஞ்சு அல்லது மரக்கூழ் நைட்ரிக் அமிலத்தோடு வினைபுரிந்து உருவாவது. சில மருந்துகளில் அதனோடு நைட்ரோகிளிசரினும் சேரும். நைட்ரோகிளிசரின் கூடக்கூட மருந்தின் ஆற்றலும் கூடும், எரியும் வெப்பநிலையும் கூடும். ஒன்றை வாங்கினால் மற்றொன்றும் கூடவே வரும்.

இதற்கு வரலாற்றில் அருமையான எடுத்துக்காட்டு உண்டு. 1889-இல் பிரிட்டனில் ஃபிரடெரிக் ஏபல், ஜேம்ஸ் டூவர் என்ற இரு வேதியியலாளர்கள் ‘கார்டைட்’ என்ற புகையற்ற மருந்தை உருவாக்கினார்கள். டூவர் யார் தெரியுமா? உங்கள் வீட்டில் தேநீரைச் சூடாக வைத்திருக்கும் ஃபிளாஸ்க்கின் தத்துவத்தைக் கண்டுபிடித்தவர். கார்டைட்டை மாவுபோலப் பிசைந்து, இடியாப்பம் பிழிவதுபோல் இழை இழையாகப் பிழிந்தெடுப்பார்கள். அதில் 58 விழுக்காடு நைட்ரோகிளிசரின், 37 விழுக்காடு துப்பாக்கிப் பஞ்சு எனப்படும் நைட்ரோசெல்லுலோஸ், 5 விழுக்காடு வாசலின்.

வாசலினை ஏன் சேர்த்தார்கள்? குழலுக்குள் மசகுபோல வேலை செய்து உராய்வைக் குறைக்கும் என்று எண்ணினார்கள். அவர்களும் நம்மைப்போலவே உராய்வைத்தான் சந்தேகித்தார்கள்! வாசலின் மசகாகப் பயன்படவில்லை. ஆனால் மருந்து கெட்டுப்போகாமல் காக்கும் நல்ல பொருள் அது என்பது பின்னர் தெரியவந்தது.

கார்டைட்டின் ஆற்றல் எல்லாரையும் மயக்கியது. பிறகு தென்னாப்பிரிக்காவில் போயர் போர் வந்தது. 1899 முதல் 1902 வரை நடந்த அந்தப் போரில் பிரிட்டிஷ் பீரங்கிகளின் குழல்கள் மிக விரைவாக அரிக்கப்பட்டன. குழல் அரித்தால் குண்டு குறி தவறும். அதன் பின் கலவையை மாற்றினார்கள். நைட்ரோகிளிசரினை 30 விழுக்காடாகக் குறைத்து, நைட்ரோசெல்லுலோஸை 65 விழுக்காடாக உயர்த்தினார்கள். புதிய மருந்தின் ஆற்றல் குறைவு. அதே வேகத்தைப் பெறச் சற்று அதிக மருந்து தேவைப்பட்டது. ஆனால் குழல்கள் நீண்ட நாள் உழைத்தன. இந்தக் கார்டைட்டின் பெயர் தமிழ் மண்ணிலும் ஒட்டிக்கொண்டது. நீலகிரியில் குன்னூருக்கு அருகே அருவங்காட்டில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைந்த வெடிமருந்துத் தொழிற்சாலைக்குக் ‘கார்டைட் தொழிற்சாலை’ என்றே பெயர்.

போட்டியாளர் கேட்கும் கேள்வி

மருந்தின் வகை மட்டுமன்று, அளவும் எரியும் வேகமும்கூடக் குழலின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. 1935-இல் அறிமுகமான .357 மேக்னம் போன்ற தோட்டாக்களின் நோக்கம் மிகுந்த வேகம். அதற்கு மெதுவாக எரியும் மருந்தை அதிக அளவில் நிரப்புவது வழக்கம். குண்டு அந்த மெல்லிய இடைவெளியைக் கடக்கும்போதும் மருந்து இன்னும் எரிந்துகொண்டிருக்கும். எரியும் துகள்கள் வாயுவோடு சேர்ந்து சட்டத்தின் மீதும் குழலின் தொடக்கத்தின் மீதும் மோதும். மணலை வாரி இறைத்துச் சுவரைச் சுரண்டுவதுபோல் ஆகிவிடும்.

போட்டியில் நிலைமை வேறு. 25 மீட்டர் சென்டர் ஃபயர் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ரிவால்வருக்கும் இடம் உண்டு. போட்டியாளர் 60 முறை சுட வேண்டும். குண்டு காகித இலக்கில் சுத்தமான துளை இட்டால் போதும். காகிதத்தைத் துளைக்க மேக்னம் எதற்கு? அதனால் அவர்கள் விரைவாக எரிந்து முடியும் மருந்தைச் சிறிய அளவில் கொண்ட தோட்டாக்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மொத்த வெப்பம் குறைவு; கையில் உதைப்பும் குறைவு. பல்லாயிரம் முறை சுட்டாலும் குழல் துல்லியத்தை இழக்காமல் இருக்கிறது.

‘அப்படியானால் விரைவாக எரிவது நல்லது, மெதுவாக எரிவது கெட்டது’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். விரைவாக எரியும் மருந்து அளவு மீறினால் அழுத்தம் திடீரென எகிறி உருளையே வெடித்துவிடும். எது நல்லது என்பதை வேலைதான் தீர்மானிக்கிறது. வேலைக்குத் தேவையான ஆற்றல் எவ்வளவோ அவ்வளவே போதும் என்பதைத்தான் அனுபவமிக்க போட்டியாளர் அறிந்திருக்கிறார்.

நீங்கள் கேட்க வேண்டியது

என் கருத்து இதுதான். நாம் எண்களை ஒற்றையாகப் பார்க்கப் பழகிவிட்டோம். எது வேகம், எது பலம், எது அதிகம் என்று மட்டுமே கேட்கிறோம். கைப்பேசி வாங்கும்போது எத்தனை நிமிடத்தில் சார்ஜ் ஏறும் என்று கேட்கிறோம். பேட்டரி சூடானால் அதன் ஆயுள் குறையும் என்பதை எத்தனை பேர் கேட்கிறோம்? கார்டைட்டைத் தேர்ந்தெடுத்தவர்கள் மேதைகள். அவர்களுடைய முதல் கலவையிலும் ஆற்றலின் விலை முன்கூட்டியே தெரியவில்லை. அதைப் போர்க்களம்தான் காட்டியது. விலை எப்போதும் பிறகுதான் வரும். அதை முன்பே கேட்பதுதான் அறிவியல் மனம்.

‘ஆற்றல் தேவைப்படும் இடத்தில் சிக்கனம் பார்க்க முடியுமா?’ என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். தேவைப்படும் இடத்தில் பார்க்க வேண்டாம். ஆனால் தேவையா என்று முதலில் அளந்து பாருங்கள். 25 மீட்டரில் நிற்பது வெறும் காகிதம்தான்.

அடுத்த முறை வீட்டிலோ பள்ளிப் பட்டறையிலோ தேய்ந்துபோன பொருள் ஒன்றைக் கண்டால், ‘எது உரசியது?’ என்று உடனே முடிவு செய்யாதீர்கள். முதலில் எங்கே தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். உரசாத இடத்தில் தேய்ந்திருந்தால், அங்கே சூடு வந்து போயிருக்கிறதா என்று தேடுங்கள்.